வடம் விடாத கைகள்

வெகு காலத்துக்கு முன்னே, மழைக்குக்கூட வரி போட்ட ராஜா ஒருவன் இருந்தான், கேளுங்கள். அவனை எதிர்த்துக் கிளம்பியவன் செங்கோடன். அப்போது அவன் நல்ல பிள்ளைதான்.

காட்டில் ஒளிந்திருந்தபோது, வலையில் சிக்கிய உடும்பு ஒன்றை அவனும் தோழி வேம்பியும் விடுவித்தார்கள். உடும்பு பேசியது.

"இந்தச் செம்பு மோதிரத்தைப் போட்டுக்கிட்டு 'சம்மதமா?'ன்னு கேளு. எல்லார் கையும் தானா உயரும். ஒரு தடவை உயராமப் போனா, மோதிரம் பொடிப்பொடிதான்!"

கோட்டை வாசலில் நின்று செங்கோடன் கேட்டான்: "ராஜா ஒழியட்டும், சம்மதமா?"

சிப்பாய்களே ஈட்டியைப் போட்டுவிட்டுக் கை தூக்கினார்கள். அதைப் பிடித்திருக்க அவர்களுக்கும் மனமில்லை. ராஜா ஓடினான். ஊரே கூத்தாடியது.

"அறுவடை வரைக்கும் கிரீடம் என்கிட்ட இருக்கட்டும், சம்மதமா?" கைகள் உயர்ந்தன.

"அறுவடைக்கு அப்புறமும் இருக்கட்டும், சம்மதமா?" கைகள் உயர்ந்தன.

"மழை வரி மறுபடி வரட்டும், சம்மதமா?" பாழாய்ப்போன கைகள் அதற்கும் உயர்ந்தன.

வேம்பியின் தம்பி கொற்றன் மட்டும் கத்தினான்: "உசர்றது என் கைதான், நான் இல்ல!"

அவனைச் சிறையில் போட்டு, தேர்த் திருவிழாவன்று தலையை வாங்குவேன் என்றான் செங்கோடன்.

திருவிழாவன்று அம்மனை இறக்கிவிட்டுத் தானே தேரில் ஏறி உட்கார்ந்தான். என்ன திமிர் பாருங்கள்! அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வடம் பிடித்த கை, தேர் நிலை சேரும்வரை விடாது. அவனுக்கு அது மறந்தே போயிற்று. வேம்பிக்கு மறக்கவில்லை.

"எல்லாரும் வடம் பிடிங்க. என்ன ஆனாலும் விடாதீங்க!" என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தாள். சிப்பாய்களும் பிடித்தார்கள்.

நடுத்தெருவில் செங்கோடன் தேரை நிறுத்தினான். தேருக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த கொற்றனைக் காட்டினான்.

"இவனை வெட்டணும், சம்மதமா?"

கைகள் துடித்தன. உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒருவரும் விடவில்லை.

"மாட்டோம்!"

"சம்மதமா?"

"மாட்டோம்!"

"சம்மதமா?"

"மாட்டோம், போடா!"

மோதிரம் பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

"இறங்குடா செங்கோடா! என் தம்பி கட்டை நீயே அவிழ்த்துவிடு!" என்றாள் வேம்பி. அவன் இறங்கி வந்து அவிழ்த்தான். பூசாரி அம்மனை ஏற்றினார். தேர் நிலை சேர்ந்த பிறகுதான் கைகள் வடத்தை விட்டன.

உடனே கூட்டம் கைகளைத் தூக்கியது. "வேம்பி மகாராணி வாழ்க!"

இந்த முறை மந்திரம் ஏதுமில்லை. வேம்பிக்கு வந்ததே கோபம்!

"கையை இறக்குங்க எல்லாரும்! எதுக்குன்னு கேட்டுட்டுத் தூக்குங்க!"

அன்றிலிருந்து அந்த ஊரில் கேட்டுக் கேட்டுத்தான் கை தூக்குகிறார்கள். கூட்டம் முடிய வெகு நேரம் ஆகிறது. ஆகட்டுமே!