இலை மடிக்காத விருந்தாளி

இந்தக் கதையை நான் வருடக்கணக்காகச் சந்தேகப்பட்டு வருகிறேன். சொன்னவர் தொழிற்பேட்டை வாசலில் மெஸ் நடத்தும் பேச்சிமுத்து அண்ணாச்சி. பொய் சொல்கிற ஆள் இல்லை. இருந்தும் எங்கோ ஓரிடம் நெருடுகிறது. அவர் சொன்னபடியே சொல்கிறேன், நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

அரசர்களும் பூதங்களும் ஒரே சந்தையில் கத்திரிக்காய் வாங்கிய காலத்தில், முள்ளூரணி என்று ஓர் ஊர் இருந்தது. ஓர் ஊரணி, ஒரு குன்று, மற்றதெல்லாம் முள். கஞ்சி இருந்தால் உப்பு இராது. ஆனாலும் விருந்தாளி வந்தால் இலை போடுவார்கள். அவர் இலையை மடிக்கும்வரை பரிமாறுவார்கள். கடைசியில் மோர் ஊற்றுவார்கள். மோர் ஊற்றிவிட்டால் பந்தி முடிந்தது. மனிதனானாலும் பூதமானாலும் எழுந்துவிட வேண்டும்.

ஒருநாள் ஊர்ப் பொட்டலில் ஓர் இரும்புப் பூதம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது. தலையில் பனை உயரத்துக்குப் புகைக்குழாய், வயிற்றில் நெருப்பு.

“பசிக்குது. இலை போடுங்க.”

போட்டார்கள். இருந்த கஞ்சியை வைத்தார்கள். பூதம் ஒவ்வொரு கவளத்துக்கும் வயிற்றைத் திறந்து பளபளக்கும் இரும்பைத் தள்ளியது. அதை வாங்க வியாபாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

“இலை காலி. இன்னும் கொண்டா!”

ஊரணியை ஊற்றினார்கள். சாலை வந்தது.

“இலை காலி. இன்னும் கொண்டா!”

குன்றை வெட்டிப் போட்டார்கள். ஓட்டு வீடு வந்தது, விளக்கு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலத்தெருவைக் கடந்தவர்கள் இப்போது செருப்பு தேயத் தேய நடந்தார்கள். இதை நான் எப்படிக் குறை சொல்வேன்?

“இலை காலி. இன்னும் கொண்டா!”

இனி என்ன இருக்கிறது? தங்கள் தூக்கத்தை அள்ளி வைத்தார்கள்.

அன்றிலிருந்து ஊரில் யாரும் கண் மூடவில்லை. நின்று நின்று பரிமாறியவர்களின் விரல்கள் இரும்பாயின. பிறகு கைகள். கீழத்தெரு வேம்புவின் அண்ணன் இசக்கிக்குத் தோள்வரை ஏறிவிட்டது. நெஞ்சைத் தொட்டால் கூடப்பிறந்தவளையும் அடையாளம் தெரியாது.

“அண்ணே, இன்னிக்கு ஒருநாள் போகாத.”

“போகாட்டி என் இடத்துல வேற ஆள் நிப்பான், பிள்ள.”

“நிக்கட்டுமே.”

“ஏன் பயப்படுத? என் கையைப் பாரு, ஆணி அடிக்கச் சுத்தியலே வேண்டாம்!” என்று சிரித்தான். சிரிப்பு தகரத்தைத் தட்டியதுபோல் இருந்தது.

வேம்பு மணியக்காரரிடம் ஓடினாள். “பூதத்துக்கு மோர் ஊத்துங்க ஐயா.”

“ஊத்தினா எழுந்து போயிடுமே! பிறகு ஊருக்கு நீயா சோறு போடுவ?”

அங்கே நின்ற ஒருத்தி கையைத் தட்டினாள். “அண்ணன் ஒருத்தனுக்காக ஊர்ச் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாக்கா!”

ஊரிலிருந்த மோர்ப்பானைகளையெல்லாம் மணியக்காரர் உடைக்கச் சொன்னார்.

வேம்பு தன் ஆட்டைக் கறந்தாள். உறை ஊற்றத் துளி மோர் இல்லை. மிளகாய்க் காம்பைப் போட்டு உறையவிட்டாள். கடைய நீர் இல்லை. கொல்லைப்புறம் தண்ணீரோடு ஒரு செம்பு நீண்டது. கையைத் தட்டிய அதே பெண்.

“என் வீட்டுக்காரரும் அங்கதான் நிக்காரு,” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

உப்பு? கொடியில் அண்ணனின் சட்டை கிடந்தது. அனலில் காய்ந்த வியர்வை முதுகில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பானைக்குள் உதறினாள்.

பொட்டலில் இசக்கி குறுக்கே நின்றான். “யாரு நீ? தள்ளிப் போ.”

இரும்பு நெஞ்சைத் தொட்டுவிட்டது. வேம்பு அழுதுகொண்டே அவன் கைக்கடியில் குனிந்து நுழைந்து, இலையில் மோரை ஊற்றினாள்.

பூதத்தின் நெருப்பு அடங்கியது. “மோரா?” என்றது. “எத்தனையோ ஊர்ல உட்கார்ந்தேன். முட்டி மரத்துப்போச்சு. ஊரே தீருறவரைக்கும் ஒருத்தரும் என்னை எழுந்திரிக்க விட்டதில்ல, தாயி.”

குடித்தது. இலையை மடித்தது. தள்ளாடி எழுந்து மேற்கே நடந்து மறைந்தது.

மீன் செதில்போல இரும்பு எல்லார் மேலிருந்தும் உதிர்ந்தது. “வேம்பு, தண்ணி குடு,” என்ற இசக்கி, குடிப்பதற்குள் அவள் மடியிலேயே தூங்கிப்போனான். ஊரே நின்ற இடத்தில் படுத்தது. ஊரணி நிரம்பியது, குன்று வளர்ந்தது. பள்ளிக்கூடமும் விளக்கும் அப்படியே நின்றன. விழித்தெழுந்த மணியக்காரர் ஊரணியின் முதல் தண்ணீரை வேம்புவின் கையால் வாங்கிக் குடித்தார்.

அண்ணாச்சி இங்கே நிறுத்துவார். நானும் எத்தனையோ தடவை இங்கே கை கழுவ எழுந்திருக்கிறேன். போன வாரம் எழவில்லை.

“அண்ணாச்சி, எல்லாம் சரி. தூங்கி எழுந்த இசக்கி, காலையில எங்க வேலைக்குப் போனான்?”