ஓலையை உருவிய அணில்

ஏரிக்கரை இலுப்பை மரத்தில் வரியாள் என்றோர் அணில் இருந்தாள். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். அவள் உட்கார்ந்தாலும் வால் உட்காராது.

இன்னும் நாலைந்து நாளில் அவளுக்குக் குட்டிகள் பிறக்க வேண்டும். கிழக்கே மேகம் கட்டிக்கொண்டு நின்றது. பொந்துக்குள் சாரல் அடிக்கும். பிறந்த குட்டி நனைந்தால் பிழைக்காது. அதற்குள் ஒரு போர்வை தைத்தாக வேண்டும்!

துணிக்குப் பஞ்சமில்லை. ஊர் எல்லைத் தையற்கடைக்குப் பின்னால் கொட்டும் வெட்டுத்துணிகளை இரண்டு வருஷமாகப் பொந்தில் திணித்து வைத்திருந்தாள். பூப்போட்டது, கட்டம்போட்டது, ஒரு விரல் அகலப் பட்டுக்கூட உண்டு.

தைக்கும் முறையைத் தேன்கூட்டைப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். பனையோலையை ஆறு மூலை வரும்படி கடித்து நறுக்குவாள். அதன்மேல் துணியை மடித்து, மடிப்பு அவிழாதபடி இழையோட்டுவாள். பிறகு துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, முள்ளால் துளையிட்டு நாரால் தைப்பாள். ஒரு துண்டின் ஆறு பக்கமும் தைத்து முடிந்த பிறகே உள்ளிருக்கும் ஓலையை உருவ வேண்டும்.

ஆனால் துண்டு செய்வதில்தான் அவளுக்குக் குஷி, இணைப்பது அலுப்பு. நாற்பது துண்டு செய்துவிட்டாள். இணைத்தது ஏழே ஏழு. நடுவில் ஒரு மஞ்சள், சுற்றிலும் ஆறு சிவப்பு. மஞ்சள் துண்டின் ஓலையை மட்டும் உருவியிருந்தாள். மற்றவற்றைப் பரப்புவாள், கலைப்பாள், மறுபடி பரப்புவாள்.

பக்கத்துக் கிளையிலிருந்த தையல்சிட்டு சிரித்தாள்.

"என்னடி வரியா! நீலத்துக்குப் பக்கத்துல பச்சையா ஊதாவான்னு காலையிலேருந்து பதினாலு தடவை மாத்திட்டே. மேகம் உன் கலருக்காகக் காத்திருக்குமா?"

"இரு அக்கா, இந்த ஒண்ணு மட்டும்!"

அந்தப் பக்கமாக ஒரு பெருச்சாளி வந்தான். ஏரிக்கரையில் அவனுடைய வளை. உள்ளே தரையெல்லாம் ஈரம். துண்டுகளின் பின்புறம் தெரிந்த ஓலைகளைப் பார்த்ததும், அவற்றை விரித்துப் படுக்க அவனுக்கு ஆசை வந்தது. கேட்டால் தரமாட்டாள் என்றும் தெரியும்.

"தங்கச்சி! அது என்ன சரசரன்னு சத்தம்?"

"ஓலைண்ணே. துணிக்குள்ள இருக்கு."

"ஐயையோ! கரையில சாரைப்பாம்பு திரியுது. இந்தச் சத்தத்துக்கு நேரா இங்கேதான் வரும்!"

"தைச்சு முடிச்சதும் உருவிடுவேன்."

"அதுக்குள்ள வந்துட்டா? நீ ஓடிடுவே. குட்டி ஓடுமா?"

வரியாள் கிளை நுனிக்கு ஓடிக் கீழே பார்த்தாள். புல் அசைந்தது. காற்றா? சாரையா? திரும்பி ஓடிவந்தாள். மறுபடி போய்ப் பார்த்தாள்.

"இப்பவே உருவிப் போடு. நான் தூரமாக் கொண்டுபோய்ப் போட்டுடறேன். அண்ணன் எதுக்கு இருக்கேன்!"

அவ்வளவுதான். இழையை அறுத்தாள், ஓலையை உருவினாள். ஒன்று, இரண்டு, பத்து, முப்பது! பெருச்சாளி எல்லாவற்றையும் வாயில் கவ்விக்கொண்டு பலமுறை வந்துபோனான்.

சரசரப்பு அடங்கியது. நிம்மதியாகத் தைக்க உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். மடிப்பு அவிழ்ந்து மூலைகள் மழுங்கியிருந்தன. ஒரு பக்கம் நீண்டது, ஒரு பக்கம் குறுகியது. இழுத்துத் தைத்தால் நடுவில் புடைத்தது. விட்டுத் தைத்தால் விரல் நுழையும் ஓட்டை. அடுத்ததும் அப்படியே. முதல் தூறல் விழுந்தது. புதிதாக ஓலை நறுக்க நேரமில்லை.

"அந்த மஞ்சளுக்கும் ஓலை இல்லையே. அது மட்டும் எப்படி அசையாம நிக்குது?" என்று சிட்டு கேட்டாள்.

"அதுக்கு ஆறு பக்கமும் ஆள் இருக்கு, அக்கா," என்றாள் வரியாள்.

தலைதெறிக்க வளைக்கு ஓடினாள். "அண்ணே! என் ஓலையைத் திருப்பிக் கொடுங்க!"

பெருச்சாளி ஓலைமேல் புரண்டு படுத்தான். "எது? இந்தக் குப்பையா? நீதானே வேண்டாம்னு போட்டே!" ஈரத்தில் ஊறி ஓலைகளெல்லாம் அவன் எடையில் நசுங்கியிருந்தன.

அன்று மாலையே, நாளுக்கு முன்னதாக, குட்டிகள் பிறந்தன. மூன்று. ஏழு துண்டுப் போர்வைக்குள் இரண்டுதான் அடங்கின. மூன்றாவதை வரியாள் வயிற்றோடு அணைத்து, வாலால் மூடினாள். சாரல் அவள் முதுகில் அடித்தது. கொஞ்சம் நகர்ந்தாலும் குட்டி நனையும். பசித்தது. சிட்டு கொண்டுவந்த பூச்சியை முகர்ந்துவிட்டு, பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழை பெய்த இரண்டு நாளும் அந்த வால் அசையவே இல்லை.

ஒரு வேலை தானாக நிற்கும்வரை, யார் என்ன பயம் காட்டினாலும், அதைத் தாங்கி நிற்பதை உருவிவிடக் கூடாது.