தீத்துவுக்கு வந்த முறை

பயந்தாங்கொள்ளி ஒருவரை அடியார் என்று சொல்லலாமா? இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

திசையன்விளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பஞ்சர் ஒட்டும் கடையில் வேலை பார்த்தார் தீத்து. இருபது வயது. காலையில் கடையைத் திறந்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் பக்கத்திலேயே முழங்காலிட்டு உதடு மட்டும் அசைய ஜெபிப்பார். டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைத் தேடும்போதும், வண்டிக்காரர் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும் என்று உள்ளுக்குள் ஒரு வேண்டுதல் ஓடும். ஞாயிறு மாலைகளில் தெருப்பிள்ளைகளைக் கடைவாசலில் உட்காரவைத்து இயேசுவின் கதைகளைச் சொல்வார். பிள்ளைகளிடம் மட்டும் அவருக்குக் கூச்சமே கிடையாது. மற்றபடி நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், நாலு பேர் நடுவில் வாய் திறக்க உயிர் போகிற பயம்.

அந்தப் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்பார்கள். ஐயர் அந்தக் கடைவாசல் வகுப்பைச் சபையின் ஞாயிறு வகுப்பான ஓய்வுநாள் பள்ளியாகவே ஆக்கிவிட ஆசைப்பட்டார். அதற்குத் தீத்து பயிற்சி பெற வேண்டும். கோடை விடுமுறையில் மலைமேல் நடக்கும் வாலிபர் தலைமைத்துவ முகாமுக்கு அவரைக் கூட்டிப்போனார். தேறாவிட்டால் வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

முகாமில் தினமும் சங்கிலி ஜெபம். எல்லாரும் வட்டமாக முழங்காலிட்டுக் கைகளைக் கோத்துக்கொள்வார்கள். ஒருவர் சத்தமாக ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையை அழுத்துவார். அழுத்தம் வந்தால் அடுத்த முறை உங்களுடையது. அடேயப்பா, என்ன ஜெபங்கள்! சென்னையிலிருந்து வந்த ரூஃபஸ் வாயைத் திறந்தால் வானமும் பூமியும் சமுத்திரமும் வரிசையில் வந்து நிற்கும். அவ்வளவு அலங்காரத்துக்குப் பிறகு தீத்துவின் கையில் அழுத்தம் வரும். நாக்கு ஒட்டிக்கொள்ளும், வியர்த்துக் கொட்டும், வட்டம் முழுக்கக் காத்திருக்கும். கடைசியில் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்தவர் கையை அழுத்திவிடுவார்.

"பஞ்சர் கடைக்காரனுக்கே காத்து போயிடுச்சுப்பா!" என்றார் ரூஃபஸ். எல்லாரும் சிரித்தார்கள். தீத்துவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சமையற்கட்டுக்குப் பின்னால் போய் அழுதார்.

"இயேசப்பா, உங்கள விட்டுப் போகமாட்டேன். வாய்தான் வரமாட்டேங்கு," என்று முணுமுணுத்தார்.

ஐயருக்கும் மனக்கஷ்டம்தான். "தம்பி, நாளைக்குக் கடைசி நாளு. ஒரு தடவையாவது வாயத் தொறந்து ஜெபிச்சிருடே. இல்லன்னா அந்தப் பிள்ளைங்கள ஒங்கிட்ட நான் எப்படி ஒப்படைக்க?" என்றார்.

மறுநாள் அந்தி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மின்சாரமும் போனது. ஐயர் கீழே தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பார்க்கப் போயிருந்தார். வாலிபர்களும் பெண்பிள்ளைகளும் ஜெபக்கூடத்தில் இருந்தார்கள். வரும் வழியில் வாங்கிய பலாப்பழம் ஒன்று, நன்றாகப் பழுத்தது, ஜன்னலோரம் இருந்தது. மலைவாசிகள் யாரும் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள். பலா வாசனைக்கு யானை வரும்.

வந்தது. ஜன்னல் முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது.

எல்லாரும் எதிர்ச்சுவரோடு ஒடுங்கிக் கிடைத்த கையைப் பிடித்துக்கொண்டார்கள். தீத்துவுக்கு வலப்பக்கம் இருந்த ரூஃபஸ், "ஆண்டவரே! அக்கினியா இறங்கி வாரும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அந்தச் சத்தத்தில் யானை மிரண்டு பிளிறியது. சுவரில் மோதியது. ஓடுகள் சடசடவென்று உள்ளே விழுந்தன. பெண்பிள்ளைகள் வீறிட்டார்கள். இன்னும் ஒரு மோது மோதினால் சுவர் நிற்காது.

அப்போதுதான் இருட்டில் யாரோ தீத்துவின் இடது கையை அழுத்தினார்கள்.

ஐயோ, இப்போதா என் முறை! ஆனால் இந்தத் தடவை வாய் திறக்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட மனம் வரவில்லை. "இயேசப்பா, பயமா இருக்கு. பக்கத்துல இருங்க," என்று எல்லார் காதிலும் விழும்படி மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு ரூஃபஸின் கையை அழுத்தினார்.

கத்திக்கொண்டிருந்த ரூஃபஸ் நிறுத்தினார். அவருக்கும் இப்போது வேறு வார்த்தை வரவில்லை. "இயேசப்பா, பயமா இருக்கு. பக்கத்துல இருங்க," என்றார், குழந்தை மாதிரி. அழுத்தம் அடுத்த கைக்குப் போனது. அதே வார்த்தைகள் வரிசை முழுக்க நகர்ந்தன. அழுகை அடங்கியது. அந்த அமைதியில் தும்பிக்கை உள்ளே நீண்டு, தரையைத் தடவி, பழத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டது. கனத்த காலடிகள் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கிப் போயின.

பிளிறல் கேட்டு, தோட்டத்து ஆட்களோடு டார்ச் லைட் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார் ஐயர். நடந்ததைக் கேட்டதும், "யாருப்பா ஜெபத்த ஆரம்பிச்சது?" என்றார்.

"தீத்துதான் ஐயா. அவர் சொன்னதத்தான் நாங்க எல்லாரும் சொன்னோம்," என்றார் ரூஃபஸ்.

"ஒனக்கு எங்கிருந்துடே தைரியம் வந்துச்சு?"

"தைரியமெல்லாம் இல்லய்யா. இந்தக் கைய அமுக்குனாங்க. என் முறைன்னு ஆரம்பிச்சிட்டேன்," என்று இடது கையைக் காட்டினார் தீத்து. அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ரூஃபஸ் டார்ச்சை வாங்கி அந்தப் பக்கம் அடித்துப் பார்த்தார். தீத்து உட்கார்ந்திருந்தது கூடத்தின் மூலை. இடப்பக்கம் வெறும் சுவர்.

"இங்க யாருமே இல்லையே..." என்றார்.

ஐயர் குனிந்து, சேறு அப்பியிருந்த செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். பிறகு உள்ளே வந்து தீத்துவின் இடது கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "அந்தப் பிள்ளைங்க ஒன் பிள்ளைங்கடே," என்றார்.

தீத்து இன்றும் ஞாயிறுதோறும் வகுப்பு எடுக்கிறார். இடி இடித்தால் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்தான் துள்ளி விழுகிறார். நடுங்கும் கையைத் தேடி வந்து பிடிக்கிற ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அந்தப் பிடியை உதறாத தீத்துவுக்கு நம் வணக்கம்.