இம்தியாஸ் டயரில் இருபத்தாறு

"டயர்ல காத்து எவ்வளவு வைக்கறதுன்னு நீங்க சொல்லவே மாட்டேங்கறீங்களே அம்மிணி!"

சென்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றிய வேகத்தில் காதும் கூடவே வந்திருக்கும். அத்தனை கோபம்.

பவளக்கொடி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பது வயது. கோவையில் பம்ப்செட் தொழிற்சாலை வைத்திருக்கிறார். அவளுக்கு முப்பது. ஊருக்கு வெளியே உள்ள பந்தய டிராக்கில் வேகமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். தொழிற்சாலையில் அவர் முதலாளி. டிராக்குக்குள் வந்துவிட்டால் அவள் வைத்ததுதான் சட்டம். என்ன, வாயைத் திறப்பதில்தான் மகா கஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதில் நிற்க வேண்டுமானால் இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் குறித்த நேரத்தில் ஒரு சுற்றை முடித்துக் காட்ட வேண்டும். போன வருஷம் முடியவில்லை. அதற்கு முந்தின வருஷமும் முடியவில்லை. காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரம்மா, "இந்தத் தடவையும் வேடிக்கை பாத்துட்டுத்தான் வருவீங்களா?" என்று கேட்டுவிட்டார். மனுஷனுக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

"இப்ப எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்றாள் பவளக்கொடி.

"இருபத்தாறு."

"யாரு சொன்னா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

யாரும் சொல்லவில்லை. காலையில் பக்கத்துக் கொட்டகையில் இம்தியாஸின் ஆட்கள் டயரை அளந்தபோது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இந்த டிராக்கில் இம்தியாஸை முந்த ஆள் கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே மாதிரி டயர். அவன் வைப்பது தப்பாகவா இருக்கும்? வந்த கையோடு தன் நாலு டயரிலும் அதையே வைத்துக்கொண்டார்.

"அவனுக்குப் பறக்குதுங்க. எனக்கு மட்டும் தொளதொளன்னு ஆடுது. ஸ்டீயரிங்கைத் திருப்புனா, வண்டி யோசிச்சுப்போட்டுத்தான் திரும்புது!"

அந்நேரம் பார்த்து இம்தியாஸின் வண்டி உள்ளே வந்து நின்றது.

பவளக்கொடி எழுந்தாள். "வாங்கண்ணா. அந்த டயர்ல கை வைங்க."

வைத்தார்.

"அய்யோ சாமி!" என்று கையை உதறினார். வண்டிக்குள் இருந்து இம்தியாஸ் சிரித்தான்.

"இப்ப உங்க டயர்ல வைங்க."

வைத்தார். எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கொடியில் காயப்போட்ட வேட்டி அளவுக்குத்தான் சூடு.

பவளக்கொடி காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வைத்து இரண்டையும் அளந்தாள். இருபத்தாறில் கிளம்பிய இம்தியாஸின் டயர் முப்பத்திரண்டில் நின்றது. இவருடையது இருபத்தெட்டைத் தாண்டவில்லை.

"மிச்சத்தை அவன் வேகமா ஓட்டி, சூடாக்கி ஏத்தறான்" என்றாள். "பெரிய வளைவுல நீங்க ஆக்ஸிலேட்டரை எங்க விடறீங்க?"

சென்னியப்பன் கையுறையைக் கழற்றினார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார்.

போன மாதம் அந்த வளைவில்தான் வண்டி ஒரு சுழற்று சுழன்று, பின்பக்கமாகப் புல்லில் போய் நின்றது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"வளைவு கண்ணுல பட்டதுமே விட்டுடறேனுங்க" என்றார். "பயமா இருக்குது."

தன் வாயிலிருந்து இது வந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. ஆனால் சொன்னதும் நெஞ்சு லேசானது.

பவளக்கொடி சிரிக்கவில்லை.

"நீங்க ஓட்டற ஓட்டத்துக்குக் காத்து வைக்கட்டுமா? ஓட்டணும்னு ஆசைப்படற ஓட்டத்துக்கு வைக்கட்டுமா?"

நேற்றாக இருந்தால் மானத்துக்கு அஞ்சி இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்.

"ஓட்டற ஓட்டத்துக்கே வைங்க."

அவள் முப்பது வைத்தாள்.

சென்னியப்பன் போனார். இப்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. திருப்பியதும் திரும்பியது. பெரிய வளைவு கண்ணில் பட்டது; கால் உடனே எழவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் எழுந்தது. அட!

"நல்லாத் திரும்புதுங்க. ஆனா கடைசிச் சுத்துல முன்பக்கம் வழுக்குது."

அளந்தாள். முப்பத்தைந்து. புஸ்ஸென்று கொஞ்சம் இறக்கினாள்.

"போங்க."

போனார். வந்தார். மறுபடியும் இறக்கினாள்.

இன்னொரு தடவை போனார். வந்தார். மறுபடியும் புஸ்.

"என்னங்க இது, நீங்க பாட்டுக்குக் குறைச்சுக்கிட்டே போறீங்க?"

"நீங்க ஏத்தறீங்க, நான் குறைக்கறேன்."

சென்னியப்பன் வாயை மூடிக்கொண்டார். ஆனால் முகத்தில் வந்த சிரிப்பை மூட முடியவில்லை.

வெயில் தாழ்ந்தது. இன்னும் ஒரே ஒரு ஓட்டம்தான் பாக்கி. கேஜோடு குனிந்தவளை அவர் தடுத்தார்.

"பின்னாடி வலது பக்கம் மட்டும் ஜாஸ்தியா இருக்குதுங்க. மத்ததெல்லாம் சரி."

அளந்து பார்த்தாள். அவர் சொன்னபடியேதான் இருந்தது.

கேஜை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவரே மண்டியிட்டு இறக்கினார். எவ்வளவு என்று கேட்கவில்லை.

பெரிய வளைவு வந்தது. கால் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்பக்கம் லேசாக வாலை ஆட்டியது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சமாய் எதிர்ப்பக்கம் கொடுத்தார்; வண்டி நேராகி வளைவை விட்டு வெளியே வந்தது.

அவர் உள்ளே வந்து நிற்பதற்குள் பலகையில் நேரம் விழுந்துவிட்டது. நூலிழையில்தான். ஆனாலும் குறித்த நேரத்துக்குள்தான்.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை பாக்கலாம்!" என்று பக்கத்துக் கொட்டகையிலிருந்து இம்தியாஸ் கத்தினான்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்க வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார். வண்டியை விட்டு இறங்கி, பக்கத்திலிருந்த டயர் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பவளக்கொடி எதிரே வந்து நின்றாள்.

"பயம் போயிருச்சுங்களாண்ணா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்லீங்க அம்மிணி. வேணுங்கற அளவுக்கு இருக்குது."