சவக்காலைத் தண்ணி

குருவுக்கு இருபத்து மூன்று வயசு. சீடனுக்கு ஐம்பத்தொன்று. மாறி இருந்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை.

குருவின் பெயர் ஆரணி. பாரிசில் பிறந்தவள், சைக்கிள் கிளப் ஒன்றில் ஓடுகிறவள். சீடன் பெயர் குகதாசன். அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறவர், ரெஸ்ரோறன்ட் குசினியில் வெங்காயம் வெட்டுகிறவர். அவளிடம் சைக்கிள் பழகத் தொடங்கியபோது, முதலில் பகிடிக்கு, சும்மா சிரிக்கத்தான், அவளைக் "குருவே" என்று கூப்பிட்டார். பிறகு அவள் சொன்னதையெல்லாம் செய்யத் தொடங்கிவிட்டார். கூப்பிடும் விதத்தில் மட்டும் பகிடி மிச்சம் இருந்தது.

அவருடைய தாய் மாசி மாதம் ஊரில் செத்துப்போனா. இவர் போகவில்லை. அகதி என்று பதிந்தவர். ஊருக்குத் திரும்பிப் போனால் இங்கே இருக்கிற விசாவும் போய்விடும் என்று பயம். தங்கச்சியின் புருஷன்தான் கொள்ளி வைத்தான். இவர் குசினிக்குப் பின்னால், குப்பை வாளிகளுக்குப் பக்கத்தில் நின்று அதைப் போனில் பார்த்தார். மச்சான் தண்ணிக் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வருவது தெரிந்தது. ஓட்டை வழியாகத் தண்ணி ஒழுகுவதும் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் படம் நின்றுவிட்டது. குடம் பின்னால் விழுந்து உடைந்ததையும், மச்சான் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனதையும் இவர் காணவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். செய்யாமல் விட்டதை எங்கே போய்ச் செய்வது?

ஐயரிடம் கேட்டார். ஐயர் ஒரு பூசை செய்து தந்தார். கேள்வி அப்படியே இருந்தது. கூட வேலை செய்கிற ஒருவன், வெஸ்லே என்ற ஊரில் மலைமேல் பழைய தேவாலயம் ஒன்று இருக்கு, எத்தனையோ நூறு வருசமாகச் சனம் நடந்தே போகிற இடம் என்றான். தாய் ஊரில் வருசா வருசம் சந்நிதி கோயிலுக்கு நடந்து போனவ. கோயில் எதுவாக இருந்தால் என்ன என்று இவர் நினைத்தார். நடக்க முழங்கால் விடாது. சைக்கிள் ஓடலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். காரில் போனால் சேராது என்பது இவருடைய சொந்த முடிவு.

ஆரணியிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது அங்கிள்," என்றாள் அவள். "சைக்கிள் எண்டா சொல்லித் தருவன்."

அப்படித்தான் ஆடி வெயிலில் இரண்டு பேரும் பூர்கோன் பக்கத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவே வெஸ்லேயை நோக்கிச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள். சீடன் முன்னுக்கு, குரு பின்னுக்கு.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். பார்த்த உடனே சைக்கிள் நடு ரோட்டுக்குப் போகும்.

"அங்கிள், திரும்பிப் பாக்காதேங்கோ."

"கார் வருதோ எண்டு பாத்தனான்."

"வந்தா நான் சொல்லுவன். நீங்கள் திரும்பினா சைக்கிளும் திரும்பும்."

கொஞ்ச நேரம் நேரே பார்த்து ஓடினார். வலப்பக்கம் ஒரு கோட்டை வந்தது. சுற்றிவர அகழி, அதில் பாசி.

"குருவே, உது எந்தக் காலத்துக் கோட்டை?"

"தெரியாது. அதுக்கு அங்கால நல்ல இறக்கம். பிறேக்கைப் பிடியுங்கோ."

பிறகு கூரையே இல்லாத ஒரு பெரிய மடம்.

"இதில ஆர் இருந்தவை?"

"சாமிமார்."

"இப்ப?"

"புறா."

"உனக்கு உதுகளை நிண்டு பாக்க ஆசை இல்லையோ?"

"நிண்டா திரும்ப ஏற மாட்டியள் அங்கிள். உங்களை எனக்குத் தெரியும்."

அது உண்மை. இறங்கினால் ஏறமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். வயல் முடிந்தால் இன்னொரு வயல் வந்தது. ஊர் வந்தால் நாலு வீடு, ஒரு மணிக்கூண்டு, பிறகு திரும்பவும் வயல். வெயிலில் தார் இளகி டயரில் ஒட்டியது. மத்தியானம் ஆகும்போது போத்தல்கள் இரண்டும் காலி. அடுத்த ஊரில் வாங்கலாம் என்றாள். அடுத்த ஊரில் பேக்கரி பூட்டு. கபே பூட்டு. ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை.

சந்தியில், போரில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று இருந்தது. அவர் சைக்கிளை அதில் சாய்த்துவிட்டுப் படியில் குந்தினார்.

"காணும், ஓடினது போதும்," என்றார்.

ஆரணியும் சைக்கிளை விட்டு இறங்கினாள்.

"இஞ்ச கிட்ட ஸ்டேசன் இருக்கோ?"

"இருக்கு. இந்தச் சந்தியில இடப்பக்கம். ஆத்தோரம் போறது, ஏத்தமே இல்லை."

"கோயில்?"

"வலப்பக்கம். முழுக்க ஏத்தம்."

வலப்பக்கம் பார்த்தார். தூரத்தில் மலை தெரிந்தது. மலைமேல் தேவாலயம் சின்னதாக, தீப்பெட்டி மாதிரி இருந்தது.

"நான் ரயிலில திரும்பிப் போறன் பிள்ளை. ஏலாது. அங்க போனாலும் என்ன செய்யிறது? மெழுகுதிரி கொளுத்துறது. கொளுத்தினாப்போல அம்மாவுக்குத் தெரியப் போகுதோ?"

இந்த முறை "குருவே" என்று சொல்லவில்லை. களைப்பு பகிடியையும் தின்றுவிட்டது.

"போங்கோ," என்றாள் ஆரணி. "முதல் தண்ணி குடியுங்கோ. இல்லாட்டி ஸ்டேசனுக்குப் போக முதல் விழுந்துடுவியள்."

"தண்ணிக்கு எங்க போறது?"

"வாங்கோ."

சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்த வழியே கொஞ்சம் திரும்பி நடந்தார்கள். ஊர் எல்லையில் ஒரு நீண்ட மதில். இரும்புக் கேற். உள்ளே சிலுவைகள், கல்லறைகள். கேற்றுக்குப் பக்கத்தில் ஒரு பைப், அதற்கு மேல் கொக்கிகளில் வரிசையாகக் கொழுவிய பச்சைப் பூவாளிகள்.

குகதாசன் வெளியிலேயே நின்றுவிட்டார்.

"இது சவக்காலை."

"ஓம். சைக்கிள் ஓடுறவை எல்லாரும் இஞ்சதான் தண்ணி எடுக்கிறது. கடை பூட்டினாலும் இது பூட்டாது."

"செத்த வீட்டுக்குப் போனாலே தலையில தண்ணி ஊத்தித் தோய்ஞ்சிட்டுத்தான் வீட்டுக்குள்ள போறது. நீ இதுக்குள்ள நிண்டு குடிக்கச் சொல்லுறாய்."

"தோயிறதெண்டாலும் இதே தண்ணிதான் இருக்கு."

"பொம்பிளைப் பிள்ளையள் சுடலைக்குப் போறேல்ல."

"நான் கிழமைக்கு நாலு தரம் போறன்."

"உன்ர அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாவுக்கு நான் சைக்கிள் ஓடுறதே பிடிக்காது. இதையும் சொல்லவோ?"

"விசர்ப் பிள்ளை. செத்தவையின்ர தண்ணியைக் குடிச்சா..."

"செத்தவை தண்ணி குடிக்கிறேல்ல அங்கிள். இது பூக்கண்டுக்கு வைச்ச பைப்."

அவள் உள்ளே போய்க் குடித்தாள். தண்ணி விழுகிற சத்தம் கேட்டது. அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். ஞானம் ஒன்றும் வரவில்லை. தாகம்தான்.

தலையைக் குனிந்து பைப்பில் வாயை வைத்து மாடு மாதிரிக் குடித்தார். கழுத்தையும் நனைத்தார். போத்தல்களை நிரப்பினார். கேற் பக்கம் திரும்பியபோது ஆரணி மறித்தாள்.

"சும்மா குடிச்சிட்டுப் போகேலாது. கிளப்பில ஒரு பழக்கம். குடிச்சவை காய்ஞ்ச பூக்கண்டு எதுக்காவது தண்ணி விட்டுட்டுத்தான் போறது."

"ஆற்ற கல்லறைக்கு?"

"ஆற்றயெண்டாலும்."

"ஆரெண்டு தெரியாத சனத்துக்கு நான் ஏன் விடோணும்?"

"குடிக்கேக்க அவையும் உங்களை ஆரெண்டு கேக்கேல்லைத்தானே?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பூவாளியை எடுத்து நிரப்பினார். மூலையில் ஒரு கல்லறை. கல்லில் பாசி. பெயரில் "மேரி" மட்டும் தெரிந்தது, மிச்சம் அழிந்துவிட்டது. நாலு பக்கமும் சின்னப் பூக்கன்றுகள், எல்லாம் கருகிக் கிடந்தன.

காலையிலிருந்து ஹான்டிலைப் பிடித்துப் பிடித்துக் கை விறைத்திருந்தது. வாளியைத் தொங்கவிட்டுத் தூக்க முடியவில்லை. அதனால் இடது தோளில் ஏற்றி வைத்தார். இரண்டடி நடந்த பிறகுதான் தெரிந்தது, வாளியின் அடியில் வெடிப்பு. தண்ணி முதுகு வழியாக ஒழுகியது.

அவர் நின்றார்.

ஆரணி கேற்றில் நின்று தன் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரையே கண்டதில்லை. ஊர்ச் சுடலையை எங்கே கண்டாள்?

அவர் நடக்கத் தொடங்கினார். கல்லறையை இடப்பக்கமாகச் சுற்றினார். தண்ணி கன்றுகளில் விழுந்தது, மண்ணில் விழுந்தது, சப்பாத்தில் விழுந்தது. ஒரு சுற்று. இரண்டாம் சுற்றின் முடிவில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். போனில் படம் நின்ற இடம் அது. மூன்றாம் சுற்று மெதுவாகப் போனார். வாளியில் பாரம் குறைந்துகொண்டே வந்தது.

"அங்கிள், காணும்! ஒரு கண்டுக்குத்தானே சொன்னனான்!"

அவர் கல்லறைக்கு முதுகைக் காட்டி நின்று, வாளியைத் தோளிலிருந்து பின்னால் விட்டார்.

பிளாஸ்டிக் வாளி. உடையவில்லை. கல்லில் பட்டுத் துள்ளி உருண்டது.

அவர் ஆரணியைத் தாண்டி, கேற்றைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து சைக்கிளைப் பிடித்தார். சேட் முழுக்க நனைந்திருந்தது. முகமும்தான். ஆரணி உள்ளே போய் வாளியை எடுத்துக் கொழுவிவிட்டு வந்தாள். அவரை ஒரு முறை பார்த்தாள்.

சந்தியில் அவர் ஒரு காலை ஊன்றி நின்றார். வலப்பக்கம் மலை.

"ஏத்தம் மெல்ல மெல்ல ஏறலாம் அங்கிள். சின்னக் கியரைப் போடுங்கோ. நான் பின்னால வருவன்."

"வேண்டாம் குருவே. வீட்டை போய்த் தோயோணும்."

"அப்ப கோயில்?"

அவர் ஊன்றிய காலை எடுத்தார். ஹான்டிலை இடப்பக்கம் திருப்பினார். ஆத்தோர ரோடு நிழலாக இருந்தது. மலையும் தேவாலயமும் முதுகுப் பக்கம் போயின. மதிலும் போனது. பத்து மிதி மிதித்திருப்பார். அவருடைய கழுத்து பின்பக்கம் அசைந்தது.

பின்னாலிருந்து குருவின் குரல் வந்தது.

"அங்கிள். திரும்பிப் பாக்காம போங்கோ."