கட் சொன்ன பிறகு

“இனிமேல் அழறதையும் மெஷினே பார்த்துக்குமாம் மேடம்” என்றார் இளங்கீரன்.

ஸ்டெல்லா மேடம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் நான்கே படம் எடுத்தவர். அவரிடம் உதவி இயக்குநராக இருந்த இளங்கீரன் பத்துப் படம் எடுத்துவிட்டார்.

“யார் சொன்னது?”

“தயாரிப்பாளர். ஆறு வயசுப் பொண்ணு, தாரிணி. அம்மா செத்துப்போற சீன். மூணு நாளா அழவே மாட்டேங்குது. ‘சும்மா உட்கார வெச்சு எடுங்க, கண்ணீரை ஏஐ போட்டுடும்’கிறார்.”

“நல்லதுதானே.”

“நீங்களா மேடம் இப்படிச் சொல்றது?”

இளங்கீரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். படம் தொடங்குமுன் திரையில் வரப்போகும் வாசகம்.

‘இத்திரைப்படத்தில் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்படவில்லை. ஒவ்வொரு துளிக் கண்ணீரும் உண்மையானது.’

ஸ்டெல்லா மேடம் இரண்டு முறை படித்தார்.

“மாடு நடிச்சா, மாட்டைத் துன்புறுத்தலைன்னு ஒரு கார்டு போடுவோமே.”

“ஆமா.”

“பிள்ளைக்கு?”

இளங்கீரன் சிரித்தார்.

“உங்க முதல் படத்துல ராபின் அழுதானே, அந்த அழுகையைப் பார்த்துத்தான் நான் சினிமாவுக்கே வந்தேன். பெத்த பிள்ளையை எப்படி அப்படி அழ வெச்சீங்க? இன்னைக்காவது சொல்லுங்க.”

வாசல் கதவு திறந்தது.

ராபின்தான். இப்போது முப்பது வயது. கையில் ஹெல்மெட், சட்டைப்பையில் அம்மாவின் மாத்திரை.

நேராக அம்மாவிடம் வந்தான். அவர் மணிக்கட்டில் உள்ளங்கையை வைத்தான். எடுத்தான். பிறகுதான் செருப்பைக் கழற்றினான்.

“என்ன தம்பி, அம்மாவுக்கு ஜுரமா?”

“சேச்சே. பழக்கம் சார்.”

உள்ளே போய்விட்டான்.

இளங்கீரனின் போன் அடித்தது. உதவி இயக்குநர். ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நாளைக்குப் பாப்பாகிட்ட அந்த விஷயத்தை நான் சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?”

“நானே சொல்றேன். அவங்க அம்மாவைக் கண்ணுல படாம வேன்ல உட்கார வை.”

வைத்துவிட்டார்.

மேடத்தின் கையில் கத்தி நின்றிருந்தது.

“என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல மேடம். ‘உங்க அம்மா ஆக்ஸிடென்ட்ல போயிட்டாங்க’ன்னு பாப்பாகிட்ட சொல்லப்போறோம். ரெண்டே நிமிஷம். ஷாட் முடிஞ்சதும் அம்மாவைக் காட்டிடுவோம்.”

“காட்டினா?”

“ஓடி வந்து கட்டிக்கும். வேற என்ன?”

ஸ்டெல்லா மேடம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார்.

“அன்னைக்கு ஒருத்தர் வீடியோ கேமராவுல ஷூட்டிங்கையே எடுத்துட்டிருந்தார். நீ பார்த்தது கட் வரைக்கும். இது மிச்சம்.”

திரையில் ஆறு வயது ராபின் அழுதுகொண்டிருந்தான். ஊரே பார்த்து அழுத அதே அழுகை.

“கட்! ஓகே!”

எல்லோரும் கைதட்டினார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து இளவயது ஸ்டெல்லா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பையன் அம்மாவைப் பார்த்தான்.

அலறினான். பின்னாலேயே நகர்ந்து, விழுந்து, தவழ்ந்து கேமரா டிராலிக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான்.

“நீ செத்துட்டே! வராதே! நீ செத்துட்டே!”

கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

திரையில் ஸ்டெல்லா மண்டிபோட்டுக்கொண்டு டிராலிக்கு அடியில் கையை நீட்டினார்.

“தொட்டுப் பாருடா. சூடா இருக்கு பாரு. செத்தவங்க கை சூடா இருக்குமா? அம்மாதான்டா. தொட்டுப் பாரு.”

ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு சின்ன விரல் வெளியே வந்தது.

படம் அதோடு நின்றது.

இளங்கீரன் உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். இந்த முறை ஸ்பீக்கரில் போடவில்லை.

“பாப்பாவோட அம்மா வேன்ல வேண்டாம். கேமரா பக்கத்துலயே நாற்காலி போடு. பாப்பாவுக்கு நல்லாத் தெரியணும்.”

அந்தப் பக்கம் ஏதோ கேட்டது.

“கண்ணீரை மெஷினே போடட்டும்யா.”

தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ராபின் ஹெல்மெட்டோடு வந்தான்.

“கிளம்பறேம்மா. ஷிஃப்டுக்கு நேரமாச்சு.”

அவன் பக்கத்தில் வருமுன்பே ஸ்டெல்லா மேடம் கையை நீட்டியிருந்தார்.