கொன்றையனின் பாதிக் கூடுகள்

ஏரிக்கரைப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண்குருவி பாதிக் கூடு கட்டிக் காட்டும். பெண்குருவி உள்ளே புகுந்து இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் அங்கேயே தங்கிவிடும். அதன் பிறகு ஆண்குருவி மீதியைக் கட்டி முடிக்கவேண்டும். அதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

வேணி என்ற பெண்குருவிக்குக் கொன்றையனின் கூடு பிடித்துப்போயிற்று. அத்தனை நேர்த்தியான பின்னல்! ஆனால் மீதிக் கூடு வளரவே இல்லை. கொன்றையன் நார் எடுக்கக் கிளம்புவான். வழியில் ஒரு தட்டான் பறந்தால் போதும், அதன் பின்னாலேயே போய்விடுவான். தப்பித்தவறி நார் கொண்டுவந்தால், பக்கத்து ஓலையில் புதிதாக ஒரு கூட்டை ஆரம்பித்துவிடுவான்! இப்படி மூன்று கூடுகள் பாதியில் தொங்கின.

மேற்கே மேகம் திரண்டது. வேணிக்கு முட்டையிடும் நாளும் நெருங்கிவிட்டது.

"என்னங்க, முட்டையை எங்க வெக்கிறது? உங்க தலைமேலயா?"

"இன்னிக்கு முடிச்சிடறேன், வேணி! சத்தியமா!"

அன்றும் முடியவில்லை.

"சரியான சோம்பேறி!" என்றது எதிர் ஓலைக் குருவி. "சோம்பல் இல்ல, திமிரு!" என்றது இன்னொன்று. கொன்றையனின் சித்தப்பா ஒருபடி மேலே போய், அவன் காலை ஓலையோடு சேர்த்துக் கட்டிவைத்தார். அவன் தலைகீழாகத் தொங்கியதுதான் மிச்சம்.

"அவருக்கு என்மேல அன்பே இல்ல. நான் வேற கூடு பாத்துக்கறேன்" என்று அழுதுகொண்டே வேணி கிளம்பிவிட்டாள்.

வழியில் மரங்கொத்தி வைத்தியரைப் பார்த்தாள். மரத்தைத் தட்டியே உள்ளே புழு இருப்பதைச் சொல்லிவிடுவார் அவர்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் தலையையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க! உள்ள என்ன பூச்சி இருக்குன்னு தெரியட்டும்!"

மரங்கொத்தி சிரித்தார். "அது தட்டினா தெரியாதும்மா. கேட்டாத்தான் தெரியும்."

அவர் வேணியோடு பனைமரத்துக்கு வந்தார். பகல் முழுக்கக் கொன்றையனைக் கவனித்தார். பிறகு அவன் தாயிடம் கேட்டார்: "குஞ்சா இருந்தப்பவும் இப்படித்தானா?"

"ஆமாங்க! வாயில இரை வெச்சா முழுங்க மறந்து எறும்பை வேடிக்கை பாப்பான்."

நண்பர்களிடம் கேட்டார்: "மேயப் போற இடத்துல?"

"பருந்து வருதுன்னு நாங்க கத்துவோம். அவன் காதுலயே விழாது!"

கடைசியில் கொன்றையனிடமே கேட்டார். அதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "உனக்கு என்னப்பா கஷ்டம்?"

"நார் எடுக்கணும்னுதான் ஐயா கிளம்பறேன். மனசு என்னைக் கேக்காமலே வேற எங்கயோ போயிடுது. திரும்பிப் பாத்தா பொழுது சாஞ்சிருக்கு. நான் கெட்டவன் போலிருக்கு."

"நீ கெட்டவனும் இல்ல, சோம்பேறியும் இல்ல. மனசை ஒரு இடத்துல நிறுத்தறது உனக்குப் பிறவியிலேயே கஷ்டம். இதுக்குக் கவனச் சிதறல்னு பேரு. உன்னை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க."

கொன்றையன் "இதுக்கு ஒரு பேரு இருக்கா ஐயா!" என்று கதறி அழுதான். வேணியும் அழுதாள். அன்பில்லாதவன் என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு மனம் வலித்தது.

மரங்கொத்தி வழி சொன்னார். "மத்த ரெண்டு கூட்டையும் பிச்சுப்போடு. நார் தேடி நீ அலையவேண்டாம். வேணி பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு நாரா எடுத்துக் கொடுக்கட்டும்."

"பெண்குருவி நார் தொடறதா!" என்று எதிர் ஓலைக் குருவி முணுமுணுத்தது. வேணி காதில் வாங்கவில்லை. காலைக் கட்டிய சித்தப்பாவே வெட்கப்பட்டுக்கொண்டு நார் சுமந்து வந்தார். கொன்றையனின் மனம் இடையிடையே ஓடத்தான் செய்தது. வேணி அலகால் மெல்லத் தொடுவாள். அவன் திரும்பி வருவான். முதல் தூறல் விழுந்தபோது கூடு முடிந்திருந்தது. மழை கொட்டியது. உள்ளே வேணி இட்ட முட்டைகள் நனையவில்லை.

மழை விட்டதும் இருவரும் மரங்கொத்தியிடம் பறந்து போனார்கள்.

"கூடு கிடைச்சதுக்கு மட்டும் இல்ல ஐயா, எங்க வீட்டுக்காரரை எனக்குப் புரிய வெச்சீங்களே, அதுக்குத்தான் பெரிய நன்றி!" என்றாள் வேணி. கொன்றையனும் கும்பிடுவதுபோல் தலையைத் தாழ்த்தினான்.

தடுமாறுகிறவரைத் திட்டித் திருத்த முடியாது. அவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்டறிந்தால்தான் கைகொடுக்க முடியும்.